டான்சில் எடுத்தாச்சுங்களா?

காது குத்தியாச்சா என்று கேட்கிற மாதிரிதான் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நாமக்கல்லில் விடுதியோடு இருக்கிற பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் சேர்க்கை அறை அது. பொங்கல் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. என் இளைய மகள், வயது பத்து, பக்கத்தில் நின்று சுவரில் ஒட்டியிருந்த மதிப்பெண் பட்டியலை வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தாள். ஜூனில் அவளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்தில் அப்பா பெயர், ஊர், ரத்த வகை, அதற்குக் கீழே டான்சில் என்று ஒரு கட்டம். எடுத்தது, எடுக்கவில்லை, இரண்டில் ஒன்றை டிக் செய்ய வேண்டும்.

"இல்லீங்க. மே மாசம் எடுத்துடறோமுங்க" என்றேன்.

இன்றைக்கு நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. என் மகளின் தொண்டையில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்று கேட்க நீ யார் என்று கேட்டிருக்க வேண்டியவள், வெட்கமே இல்லாமல் தேதி சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கள் சொந்தத்தில் இது இல்லாமல் விடுதிக்குப் போன பிள்ளை குறைவு. ஏப்ரலில் பரீட்சை முடியும். மே மாதம் பெட்டி வாங்குவோம், வாளி வாங்குவோம், துணிமணியில் எல்லாம் நம்பர் தைப்போம், நடுவில் ஒரு நாள் பிள்ளையைக் கொண்டுபோய் டான்சிலை எடுத்துக்கொண்டு வருவோம். சொந்தக்காரர்கள் ஐஸ்கிரீம் டப்பாவோடு பார்க்க வருவார்கள். சின்னதாக ஒரு சீர் மாதிரி நடக்கும். பிள்ளைக்குத் தொண்டைத் தொந்தரவு உண்டா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். விடுதியில் ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தால் மூன்று நாள் போகும், மூன்று நாளில் ஒரு பரீட்சை போகும், பரீட்சை போனால் மதிப்பெண் குறைந்ததென்று செக்‌ஷன் மாற்றிவிடுவார்கள். செக்‌ஷன் மாறினால் எங்கள் ஆட்களுக்கு உயிரே போன மாதிரி. அதனால் நோய் வருவதற்கு முன்பே சதையை எடுத்துவிடுவது.

என் மூத்த மகளுக்கும் அப்படித்தான் எடுத்தோம். மூன்று வருடம் ஆகப் போகிறது. அந்த வருடம் அவளுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது இரண்டே தடவை. என் நாத்தனார், தன் இரண்டு பையன்களுக்கும் எடுத்தவர், வீட்டுக்கு வந்து சொன்னார்.

"அது சும்மா கெடக்கற ஊளச்சதை அம்முணி. எடுத்துப் போட்டா நிம்மதி. எம் பசங்களப் பாரு, என்ன கொறஞ்சு போயிட்டாங்க?"

ஊளைச்சதை. அந்தச் சொல்லை நம்பித்தான் நான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அந்த நர்சிங் ஹோமில் ஆறு பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஆறு பேருமே ஜூனில் விடுதிக்குப் போகிறவர்கள். மூத்தவள் மயக்கம் தெளிந்து ரத்தமும் எச்சிலுமாகத் துப்பிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளிடம், "அவ்வளவுதான் கண்ணு, இனிமேல் காய்ச்சலே வராது" என்று சொன்னேன். யார் எனக்கு அந்த உறுதியைக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. நானாகச் சொன்னேன்.

இப்போது இளையவள் முறை. என் கணவர் அதே நர்சிங் ஹோமுக்குப் போன் செய்து மே மாதத்தில் ஒரு நாளைக் கேட்டு வாங்கிவிட்டார். புதுச்சத்திரத்தை ஒட்டி எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. அதனால் எதையும் முன்கூட்டியே நாள் குறித்துச் செய்வது எங்களுக்குப் பழக்கம். குஞ்சு வரும் நாள், தடுப்பு மருந்து போடும் நாள், முட்டை குறைந்த கோழிகளைக் கழித்து அனுப்பும் நாள் என்று சுவரில் எழுதி வைத்திருப்போம். அந்த வரிசையில் மகளின் டான்சிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரு கோழிக்குஞ்சு என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

பண்ணையில் குஞ்சுக் கொட்டகை என் பொறுப்பு. புதிதாக வந்த குஞ்சுகளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடுவோம், வெள்ளைக் கழிச்சல் நோய் வராமல் இருக்க. ஒரு கையில் குஞ்சைப் பிடித்து, தலையைச் சாய்த்து, சொட்டு விட்டு, அது கண்ணை மூடித் திறக்கும்வரை வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கீழே விட்டால் மருந்து வழிந்துபோகும். எத்தனையோ வருடமாகச் செய்கிறேன். ஏன் கண்ணில் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த அடுத்த வாரம் கோழி டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதுக்காரர், நன்றாகப் பேசுவார். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஏனுங்க, இத வாயில உட்டா ஆகாதுங்களா? கண்ணுல எதுக்குங்க?"

"கண்ணுக்குப் பின்னால ஒரு சொரப்பி இருக்குதுங்க. மருந்துல இருக்கற கிருமிய அது புடிச்சு வெச்சுப் பாத்து, இவன் நமக்கு ஆகாதவன்னு ஒடம்புக்குச் சொல்லிக் குடுக்கும். குஞ்சுக்கு அதுதான் மொத காவல்."

"நமக்கு அப்படி ஒன்னு இருக்குதுங்களா?"

"இல்லாம? தொண்டையில டான்சிலு, மூக்குக்குப் பின்னால அடினாய்டு. அதே வேலைதானுங்க."

என் கையில் இருந்த குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. அதற்குச் சொட்டு விட்டேனா இல்லையா என்பதே எனக்கு மறந்துவிட்டது. சந்தைக்கு முட்டை போட வந்திருக்கிற ஒரு குஞ்சின் காவல் கெடக்கூடாது என்று கண்ணை மூடித் திறக்கும்வரை காத்திருக்கிறேன். பெற்ற மகளுக்கு இருக்கிற காவலை ஊளைச்சதை என்று சொல்லி வெட்ட நாள் குறித்திருக்கிறேன். 

மறுநாளே இளையவளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். கணவரிடம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்க வேண்டும் என்று சொன்னேன். மளிகையும் வாங்கினேன், பொய் சொன்ன மாதிரி ஆகக் கூடாதே. கடைவீதிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் இருக்கிறார். அறுபது வயதிருக்கும், கிறிஸ்தவர், மேசைக்கு மேலே சின்னதாக ஒரு சிலுவை. அவருக்கு என்னைவிடக் கோபம் அதிகம் என்பது உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"எத்தனை தடவை தொண்டை வீங்குச்சு?"

"அடிக்கடி வருங்க."

"அடிக்கடின்னா எத்தனை? சொல்லுங்க."

நான் யோசித்தேன். தீபாவளிக்கு ஒரு தடவை. இப்போது பொங்கலுக்கு ஒரு தடவை. அதற்கு முன்னால் ஆடியில் வந்தது வயிற்றுப்போக்கு. வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அடிக்கடி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது இரண்டு தடவை.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா? திணறி எழுந்திரிக்கிறாளா? பகல்ல தூங்கி விழறாளா? காதுல சீழ் வருதா?"

"அதெல்லாம் இல்லீங்க. சளி புடிச்சா மட்டும் கொறட்டை."

டாக்டர் மகளின் வாயில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் சிவப்பாக, பள்ளம் பள்ளமாக இரண்டு உருண்டைகள். பத்து வருடமாக இவளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

"இந்தப் பள்ளம் எதுக்குத் தெரியுமா? வாய் வழியா வர்ற கிருமி இதுல சிக்கணும். உள்ள வெள்ளை அணுக்கள் இருக்கு. அதுங்க கிருமியப் பாத்து, அதுக்கு ஏத்த எதிர்ப்பு மருந்த ஒடம்புலேயே தயார் பண்ணும். அடுத்த தடவை அதே கிருமி வந்தா அடையாளம் தெரியும். மூக்கு வழியா வர்றத அடினாய்டு பாத்துக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு எல்லாக் கிருமியும் புதுசு, அதனால வேலை ஜாஸ்தி, அதனாலதான் பெருசா இருக்கு. வளர வளர அதுவே சுருங்கிரும். வேலை செய்யறப்ப வீங்கத்தாம்மா செய்யும்."

அப்புறம் எனக்குத் தனியாக ஒரு திட்டு விழுந்தது. பொங்கலுக்கு வந்த காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரையை முழுசாகக் கொடுத்தீர்களா என்று கேட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டேன் என்றேன். கோழிக்கு ஐந்து நாள் மருந்து என்றால் ஐந்து நாளும் தண்ணீரில் கலந்து கொடுப்பவள் நான். மகளுக்கு மூன்று நாளில் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

"எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. வருசத்துக்கு ஏழெட்டுத் தடவை படுத்துட்டு, மூச்சு விட முடியாம திணர்ற பிள்ளைக்கு நானே எடுக்கறேன். அந்தப் பிள்ளைக்கு அது நல்லது. எடுத்தாலும் கழுத்துலயும் நாக்கடியிலயும் இருக்கற மத்த சுரப்பிங்க வேலையப் பாத்துக்கும். ஆனா ஹாஸ்டல்ல சேக்கறதுக்காக எடுக்கறது எந்த ஊரு வைத்தியம்? எங்க கோயில்ல பிப்ரவரி மாசம் ரெண்டு மெழுகுவர்த்திய தொண்டையில வச்சு மந்திரிப்பாங்க. தொண்டைக்குன்னே ஒரு புனிதர் இருக்காரு. நீங்க அத வெட்டிப்போட மே மாசத்துல நாள் பாக்கறீங்க."

திட்டி முடித்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் என் கணவர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஊரோடு ஒத்துப் போகிறவர், அவ்வளவுதான்.

"எல்லாரும் எடுக்கறாங்க புள்ள. நாம மட்டும் எடுக்காம உட்டு, நாளைக்குச் சீட்டுக் குடுக்கலைன்னா?"

எனக்கு வந்த கோபத்தில் பண்ணை வாசலைக் காட்டினேன். அங்கே ஒரு தொட்டி கட்டி மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோம். முட்டை லாரி அதில் டயரை நனைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். போன வருடம் ஒரு டிரைவர் ஓரமாக ஒதுக்கி ஓட்டிவிட்டார் என்று இவர் அந்த ஆளோடு சண்டை போட்டு, லாரியையே திருப்பி அனுப்பினார்.

"அந்தத் தொட்டிய நாளைக்கு இடிச்சுப் போடுங்க. வண்டி நின்னு நின்னு வருது, நேரமாகுதுல்ல? அழுக்காவும் கெடக்குது" என்றேன்.

"அதெப்படி இடிக்கறது? நோவு உள்ள வந்துரும்."

"கோழிக்குத் தெரிஞ்சது புள்ளைக்குத் தெரியலீங்களா?"

அவர் மடித்து வைத்த கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார். மறுநாள் நர்சிங் ஹோமுக்குப் போன் செய்து, மே மாதம் ஊரில் கோயில் நோம்பி இருக்கிறது, வர முடியாது என்றார். மே மாதம் எங்கள் ஊரில் எந்த நோம்பியும் கிடையாது. வேண்டாம் என்று நேராகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதே பெண், அதே மேசை. கடிதத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"காய்ச்சல் வந்தா நாங்க பொறுப்பில்லீங்க."

"வந்தா வரட்டுங்க. வந்தா எனக்குப் போன் பண்ணுங்க, நானே வாரேன். அதுக்கு முன்னால புள்ளைங்க தூங்கற எடத்தக் காட்டுங்க."

பெற்றோரை உள்ளே விடுவதில்லை என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சேர்க்கைக்கு வந்தவர்கள் பின்னால் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்தப் பெண் கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஆயாவை என்னோடு அனுப்பினார். மூத்தவள் அந்த விடுதியில்தான் இருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், பார்வையாளர் கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் கொடுத்துவிட்டு வருவோம். அவள் தூங்குகிற அறையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். கட்டிலோடு கட்டில் இடித்துக்கொண்டு கிடந்தது. ஜன்னல்கள் கொசுவுக்குப் பயந்து அடைத்திருந்தன. ஒரு பிள்ளை இருமினால் அடுத்த பிள்ளையின் தலையணையில் விழும். வராந்தாவில் தண்ணீர்த் தொட்டி, அதில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர். அந்த மாடி முழுக்க இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு டம்ளர்தான். நான் பார்க்கும்போதே ஒரு சின்னப் பெண் வாய் வைத்துக் குடித்துவிட்டு, அப்படியே அடுத்தவளிடம் நீட்டினாள்.

நான் கீழே இறங்கி வந்து, சத்தமாகத்தான் சொன்னேன். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

"மொதல்ல அந்த டம்ளர எடுங்க. பொறவு டான்சிலு எடுக்கலாம்."

ஒருவர் சிரித்தார். ஒரு அம்மா தன் மகனின் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண் முகம் சிவக்க, கட்டத்தில் எடுக்கவில்லை என்பதை டிக் செய்தார். ஒரு வாரம் கழித்து இடம் கிடைத்ததாகச் செய்தி வந்தது. டம்ளரையும் எடுத்துவிட்டார்களாம், ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒரு படை நடத்தி ஜெயித்த மாதிரி இருந்தது. நாத்தனாருக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன். ஊளைச்சதை என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள் அண்ணி என்று அவருக்கே பாடம் நடத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை மூத்தவள் இரண்டு நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தாள். வயது பதின்மூன்று, எட்டாம் வகுப்பு. அதிகம் பேசாத பிள்ளை. நான் தோசை ஊற்றிக்கொண்டே முழுக் கதையையும் மறுபடி சொன்னேன். கோழி டாக்டர் மாதிரி பேசிக் காட்டினேன், சேலத்து டாக்டர் மாதிரி திட்டிக் காட்டினேன். இளையவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து அக்காவுக்குத் தன் டான்சிலைக் காட்டினாள். மூத்தவள் பார்த்தாள். அப்புறம் என்னிடம் கேட்டாள்.

"டான்சில் எடுத்தாலும் தொண்டை வலிக்குமாம்மா?"

எனக்குத் தெரிந்ததை எடுத்துச் சொல்கிற உற்சாகத்தில் இருந்தேன். "ஏன் வலிக்காது? சளி புடிச்சா தொண்டை முச்சூடுந்தான் வீங்கும். அத எடுத்துட்டா காய்ச்சலே வராதுன்னு எந்தப் புத்தி கெட்டவ சொன்னா?" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆறாவது படிக்கறப்ப எனக்கு ரொம்ப வலிச்சுதும்மா. எச்சில் முழுங்க முடியல. வார்டன்கிட்டச் சொன்னேன், உனக்குத்தான் எடுத்தாச்சே, நடிக்கறியான்னாங்க. அப்புறம் உங்களுக்குப் போன் பண்ணுனேன்."

அந்தப் போன் எனக்கு நினைவு இல்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் வந்தது. கொட்டகையில் வேலையாக இருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"நீங்களும் அதேதான் சொன்னீங்க. எடுத்தாச்சே சாமி, அப்புறம் எப்படி வலிக்கும், படிக்கச் சோம்பலான்னு. எனக்கே சந்தேகமாயிருச்சு, நாம பொய் சொல்றமோன்னு. அதுக்கப்புறம் வலிச்சா யார்கிட்டயும் சொல்லல."

தோசை கருகியது. அடுப்பை அணைத்தேன். பள்ளிக்கூடத்தின் மேல், நர்சிங் ஹோமின் மேல், நாத்தனார் மேல், கணவர் மேல் என்று இத்தனை நாள் காட்டிய கோபம் எல்லாம் அங்கேயே நின்றது. அவர்கள் எடுத்தது சதையைத்தான். வலிக்கிறது என்று சொல்கிற வாயை அடைத்தது நான்.

எங்கள் வீடுகளில் அம்மா மகளிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. அதற்கு என்ன வார்த்தை என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ சொன்னது நெசந்தான் சாமி. நாந்தான் நம்பல" என்றேன்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லம்மா" என்றாள்.